துப்பாக்கிக் கண்ணாடியில் எங்கள் வாசல்

பூனாகலை, மாலை. நான் பிறந்த லயம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, எதிர்மலையில் இருக்கிறது. மண்சரிவு அபாயம் என்று அங்கிருந்தவர்களை மேட்டு வீடுகளுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது யாரும் அங்கே போகக் கூடாது. ரோட்டிலிருந்து பார்த்தால் தகரக் கூரை மட்டும் தெரிகிறது.

ரோட்டோரத்தில் செல்லையா தன் பெர்மிட் துப்பாக்கியோடு குப்புறப் படுத்திருக்கிறார். லயத்துக்குக் கீழே அவருடைய மரவள்ளித் தோட்டம். காட்டுப்பன்றி பாதியைக் கிளறித் தின்றுவிட்டது. துப்பாக்கியின் தொலைநோக்கியில் கைப்பேசியைப் பொருத்திப் படம் பிடிக்கிறார்.

"கிட்ட வாங்க, நல்லாத் தெரியும்."

திரையில் சிவப்புக் குறி. அதற்குள் பன்றி. அது மரவள்ளியை விட்டு லயத்தின் படியேறுகிறது. திறந்து கிடக்கும் நீலக் கதவு, பக்கத்துச் சுவரில் அம்மா கொழுந்துக் கூடை மாட்டும் ஆணி.

"அது எங்க வீடுங்க!"

செல்லையா விசையிலிருந்து விரலை எடுக்கிறார்.

"பன்னிதானே, சுடுங்க" என்கிறேன்.

"நீங்க பொறந்த வாசல்ல ரத்தமா? வேணாங்க. வெளிய வரட்டும்." பிறகு சிரிக்கிறார். "உங்க வீட்டுக்கு வந்த விருந்தாளி. சாப்பாடு மட்டும் என் தோட்டத்துல!"

உள்ளே போன பன்றி வெளியே வரவில்லை. மூடுபனி இறங்கி லயத்தை மறைக்கிறது. மிச்ச மரவள்ளியும் காலையில் இருக்காது என்று இருவருக்கும் தெரியும். காணொளியை எனக்கு அனுப்பிவிட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டுகிறார்.

பண்டாரவளைக்குத் திரும்பும் பஸ்ஸில் காணொளியைப் பார்க்கிறேன். பன்றி உள்ளே போனதும் சிவப்புக் குறி மெல்ல வாசலை விட்டு நகர்ந்து வெறும் புல்லில் நிற்கிறது. திரையின் ஓரத்தில் கதவும் ஆணியும் பனி மூடும்வரை தெரிகின்றன.