மக்ரூன் தின்னாத பேக்கரி அண்ணாச்சி

எழுபதுகளில் நான் தூத்துக்குடி துறைமுகத்தில் கிளார்க். எங்கள் தெருவில் பேக்கரி வைத்திருந்த அண்ணாச்சி நல்ல பருமன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், முழங்கால் வலிக்கும். எடை குறையாவிட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாளே இனிப்பை நிறுத்தினார். விடியற்காலையில் கடற்கரைக்கு நடக்கத் தொடங்கினார். தெருவில் சிலர் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்துவிட்டு நடந்தார்.

முந்திரியும் சர்க்கரையும் சேர்த்த மக்ரூன் வெந்து இறங்கியதும் என்னைக் கூப்பிடுவார். “ஏலே, தின்னு பாத்து இனிப்பு சரியா இருக்கான்னு சொல்லு.”

“நீங்க ஒண்ணே ஒண்ணு தின்னா என்ன அண்ணாச்சி?”

“ஒண்ணோட நிறுத்த எனக்குத் தெரியாதுல்லா. அதான் தொடுததே இல்ல.”

ஒரு வருடத்தில் எடை குறைந்து ரத்த அழுத்தம் இறங்கியது, மாத்திரையும் குறைந்தது. நாள் முழுக்க முந்திரி மணக்கிற கடைக்குள் நின்றுகொண்டே அதைச் சாதித்தார். நானாக இருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்க மாட்டேன்.