அமாவாசைக்கு லீவு விடும் சத்தம்

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக் கோடியில் இருக்கும் கட்டடத்தில் "மனநலக் காப்பகம்" என்று பளபளவென்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார். கஞ்சித்தொட்டி என்றால் நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். ஏதோ ஒரு பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக ஒரு ஜரிகை வியாபாரி கட்டியது அது. செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்பார்கள். என்ன பாவம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

கண்ணாயிரம் அங்கே போனது பைத்தியம் பிடித்து அல்ல, பசித்து. பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், இடுப்பு பிசகியதும், சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் தட்டோடு வந்து உட்கார்ந்தார். சோறு கிடைத்தது, படுக்க ஒரு மூலையும் கிடைத்தது.

சில வருஷங்களில் வியாபாரியின் பேரப்பிள்ளைகள் ஊரில் ஏழைகளே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். காரில் போகிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். ஏழைகள் பேரில் நன்கொடை வருவதில்லை, மனநோயாளிகள் பேரில் வருகிறது என்று யாரோ சொல்ல, போர்டு மாறியது. உள்ளே இருந்தவர்கள் ஒன்று வெளியே போக வேண்டும், இல்லை பைத்தியமாக வேண்டும்.

பரிசோதிக்க ஆனந்தகுமார் என்ற வெளியூர் டாக்டரை வரவழைத்தார்கள். அமாவாசையில்தான் பைத்தியம் முற்றும் என்பது படித்த பேரப்பிள்ளைகளின் நம்பிக்கை. எனவே அமாவாசைதோறும் வந்தார். காதில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கண்ணாயிரத்திடம் விசாரித்தார்.

"விடிஞ்சா போதும், டக்கு டக்குன்னு கேட்டுக்கினே இருக்குதுங்க சார்."

டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கிறதா என்றார்.

"இன்னிக்கு அமாவாசைங்களே. இன்னிக்கு அதுக்கு லீவு."

சுவருக்கு அந்தப் பக்கம் தர்மன் வீட்டில் நான்கு தறிகள். அமாவாசை நெசவாளிகளுக்கு விடுமுறை என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். டாக்டருக்கு யார் சொல்வது? அவர் பக்கம் பக்கமாக எழுதினார், கண்ணாயிரம் பைத்தியம் ஆனார். டாக்டர் எங்கே தவறினார் என்று கண்ணாயிரத்துக்கு மறுநாளே புரிந்துவிட்டது. புரிந்ததைச் சொன்னால் சோறு போய்விடும். எனவே மாத்திரைகளை நாக்குக்கடியில் அடக்கிக்கொண்டு போய்க் கொல்லை முருங்கை மரத்தடியில் துப்பினார். எங்கள் தெருவிலேயே கவலை இல்லாமல் வளர்ந்தது அந்த மரம்தான்.

போன தை மாதம் தர்மன் முசரவாக்கத்தில் வீடு கட்டித் தறிகளையும் பெயர்த்துக்கொண்டு போனார். அடுத்த வாரமே பிரியதர்ஷினி என்ற புது டாக்டர் வந்து அதே கேள்வியைக் கேட்டார். அசந்திருந்த கண்ணாயிரம் உண்மையைச் சொல்லித் தொலைத்தார்: சத்தம் நின்றுபோய்விட்டது. டாக்டரம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. குணமாகிவிட்டது, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எந்த வீட்டுக்கு? அறுபதைத் தாண்டிய மனுஷன் எந்த மூட்டையைத் தூக்குவார்?

வெள்ளிக்கிழமை கண்ணாயிரம் துணிப்பையோடு டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தார். தறி, அமாவாசை, முருங்கை மரம் என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் வந்தது பசிக்குதுன்னுதாம்மா. அது வியாதி இல்லன்னுட்டாங்க. இப்ப என்னா கேக்குதுன்னு சொன்னா சோறு போடுவீங்க? அதைச் சொல்லுங்கம்மா, அப்படியே சொல்லிடறேன்."

அந்த நேரம் பார்த்துச் சமையல்கட்டில் சாப்பாட்டு மணி அடித்தார்கள். கண்ணாயிரத்தின் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த டாக்டரம்மா பேனாவை எடுத்து, "சத்தம் இன்னும் கேட்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.