நூறு மில்லி பெட்ரோலும் நாற்பது குடமும்

பைக் மைலேஜ் அளந்து சொல்லும் வேலையில் ஒரு விசேஷம், வருகிற அத்தனை பேருக்கும் விடை முன்பே தெரியும். நம் விடை அதோடு ஒத்துப்போனால் நாம் புத்திசாலி, போகாவிட்டால் நம் பாட்டிலில் ஓட்டை.

பங்க்கில் டாங்க்கைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, "முந்தாநாள்தானே போட்டேன்" என்று முனகியிருக்கும் சக பாவிகளே, இது உங்களுக்காக. நான் எறணாகுளத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன். வீடு மட்டாஞ்சேரி. சனிக்கிழமையும் விடுமுறை நாட்களும் எங்கள் தெருமுனையில், மிளகு கோடவுனுக்கு எதிரே இருக்கும் அஷ்ரஃப் இக்காவின் (மலையாளத்தில் இக்கா என்றால் அண்ணன்) ஒர்க்ஷாப்பில் வேலை. பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் டாங்க்கிலிருந்து வரும் டியூபைக் கழற்றி, நூறு மில்லி பெட்ரோல் ஊற்றிய பாட்டிலில் மாட்டி, அதை ஹேண்டில்பாரில் கட்டி, வண்டி தானாக நிற்கும்வரை ஓட்ட வேண்டும். ஓடிய தூரத்தைப் பத்தால் பெருக்கினால் மைலேஜ். புது வண்டி என்றால் டாங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்க வேண்டும். விஞ்ஞானம் இவ்வளவுதான். மீதியெல்லாம் வாக்குவாதம். அது எனக்குப் பிடிக்கும் என்பதால்தான் இக்கா என்னை வைத்திருக்கிறார். அதே காரணத்துக்காக மாதம் இரண்டு முறை அனுப்பிவிடவும் பார்க்கிறார்.

காது சொன்ன தீர்ப்பு

செல்வம் அண்ணன் தென்காசிப் பக்கத்துக்காரர். பிளாஸ்டிக் குடமும் வாளியும் பைக்கில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறவர். பின் சீட்டைக் கழற்றிவிட்டு இரும்புச் சட்டம் ஒன்று பொருத்தியிருக்கிறார். சரக்கேற்றிக்கொண்டு எதிரே வந்தால் வண்டி தெரியாது, ஆளும் தெரியாது, நாற்பது குடம் தனியாக நடந்து வருகிற மாதிரி இருக்கும். அன்று சரக்கு விற்றுத் தீர்ந்து வெறும் வண்டியோடு வந்தார். முன்பெல்லாம் ஐம்பதுக்கு மேல் கொடுத்த வண்டி இப்போது முப்பத்தெட்டைத் தாண்டவில்லை என்றார். இக்கா கண்ணை மூடிக்கொண்டு ஆக்சிலேட்டரை இரண்டு திருகு திருகினார். எங்கிருந்தோ டக் டக்கென்று ஒரு சத்தம். "பிஸ்டன் போயி. இஞ்சின் இறக்கணும்" என்றார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

செல்வம் அண்ணன் முகம் செத்துப்போனது. கட்டிட வேலையில் சிமெண்ட் மூட்டை தூக்கி முதுகு போனவர். இனி தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொன்ன பிறகு இந்த வண்டியை வாங்கியிருக்கிறார். இஞ்சின் வேலைக்கு ஆகும் செலவு வண்டியின் விலையை விட அதிகம். "அப்ப இத காயலாங்கடையில போட்டுட்டு சைட்டுக்கே போவுதேன்" என்று சாவியை உருவினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஆளின் முதுகைக் காதால் மட்டும் கேட்டு முடிவு செய்வதா? அளக்காமல் யாரும் எதையும் இறக்கக் கூடாது என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சத்தம் போட்டேன். இக்கா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சரி மோளே, அடுத்த சனிக்கிழமை வரைக்கும் டைம். காரணம் கண்டுபிடிச்சா நீ சொல்றது. இல்லேன்னா நான் சொல்றது." நான் பெருமையாகத் தலையை ஆட்டினேன். செல்வம் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, நீ பாஸாவுறது பெருசில்ல, என் வண்டி பாஸாவணும்."

எழுபது கொடுக்கும் வண்டி

அன்று மாலையே அந்த வண்டியை வெல்லிங்டன் தீவின் நேர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். போகும்போது ஒரு பாட்டில், வரும்போது ஒரு பாட்டில். காற்று ஒரு திசைக்கு மட்டும் தயவு காட்டிவிடக் கூடாது, அதற்காக. இரண்டின் சராசரி ஐந்தரை கிலோமீட்டர். அதாவது மைலேஜ் ஐம்பத்தைந்து! பிஸ்டன் போன வண்டி ஐம்பத்தைந்து கொடுக்குமா? ஆனால் செல்வம் அண்ணனும் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஒருவேளை அவர் வண்டியின் மீட்டர் பொய் சொல்கிறதோ? போனில் தூரம் பார்த்து ஒப்பிட்டேன். மீட்டர் சரியாகத்தான் இருந்தது.

மீட்டர் சந்தேகம் எனக்கு வரக் காரணம் வர்கீஸ் சேட்டன். ஆபீசில் கிளார்க். தன் வண்டி எழுபது கொடுக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களிடம் வந்ததே அதை என் கையால் எழுதி வாங்கத்தான். போனில் பத்து கிலோமீட்டர் காட்டியபோது அவர் மீட்டர் பதிமூன்று காட்டியது. எப்போதோ யாரோ முன்சக்கரத்தில் வேறு மாடலின் மீட்டர் கியரைப் போட்டிருக்கிறார்கள். எழுபது ஐம்பத்து நாலாக இறங்கியது. நாலு வருஷமாக ஓடாத கிலோமீட்டருக்கெல்லாம் இவர் சர்வீஸ் செய்திருக்கிறார் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். சரியான கியர் மாட்டச் சொன்னார், நல்ல மனுஷர். ஹெல்மெட் போட்டுக்கொண்டு கிளம்பும்போது தாழ்ந்த குரலில் சொன்னார்: "மீட்டர் மாத்தினது நமக்குள்ள இருக்கட்டும் மோளே, ஆபீஸ்ல நான் எழுபதுன்னுதான் சொல்லுவேன்."

ஆண்கள் யாரும் இல்லையா?

இது சின்னச் சம்பவம்தான், ஆனால் இன்னும் ஆறவில்லை. அந்த வாரம் முழுக்கக் காலேஜ் விடுமுறை. திங்கட்கிழமை ஒருவர் வந்தார். மைலேஜ் குறைகிறது என்று யாரிடம் சொல்லலாம் எனச் சுற்றுமுற்றும் பார்த்தார். நான் எதிரில்தான் நிற்கிறேன், கையில் பாட்டிலோடு. "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்றார். டயரை அழுத்திப் பார்த்தேன், பழுத்த பப்பாளி மாதிரி அமுங்கியது. காற்று அடித்தாலே பாதி சரியாகும் என்றேன். சிரித்தார். இக்கா சாயா குடித்துவிட்டு வரும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இக்கா வந்தார், டயரை ஒரு உதை விட்டார், "காத்தில்லா" என்றார். ஒரே வார்த்தை. அந்த மனுஷர் என் பக்கம் திரும்பிப் பாடம் நடத்தினார்: "பாத்தியாம்மா, அனுபவம்னா இதான்."

ஜங்காரில் ஓடாத தூரம்

புதன்கிழமை வந்தவர் ஃபெபின், ஃபோர்ட் கொச்சி ஹோட்டல் ஒன்றில் சமையல்காரர். வீடு வைப்பினில். வண்டிகளை ஏற்றிப்போகும் தட்டைப் படகான ஜங்காரில் பைக்கோடு ஏறி அக்கரை போய்வருகிறவர். அவருக்கும் மைலேஜ் பிரச்சினை. நான் ஓட்டினால் நன்றாகக் கொடுக்கும், அவர் ஓட்டினால் கொடுக்காது. செல்வம் அண்ணன் கதையேதான். இந்தத் தடவை வண்டியோடு நிறுத்தாமல் ஆளையும் பார்ப்பது என்று ஜங்கார் துறைக்குக் கூடவே போனேன். வரிசையில் இருபது நிமிஷம் நின்றோம். இருபது நிமிஷமும் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டரி செத்துவிட்டதாம். அணைத்தால் கிக்கரை உதைக்க வேண்டும், அதற்குள் பின்னால் நிற்கிறவர்கள் முந்திவிடுவார்களாம். ஒரு அடிகூட நகராமல் பெட்ரோல் குடித்துக்கொண்டிருந்தது வண்டி.

பாட்டரியை மாற்றினோம். அடுத்த நாளே வந்து சாயா வாங்கிக் கொடுத்தார், டாங்க்கில் மிச்சம் தெரிகிறதாம். சந்தோஷம்தானே என்று கேட்டேன். சாயா கிளாஸைக் கீழே வைத்தார். "சந்தோஷம்தான் சேச்சி, ஆனா இப்ப லைன்ல பக்கத்து வண்டிக்காரன் பேசறது முழுசா கேக்குது."

பாலத்தில் ஒரு வியாபாரம்

எனக்கு அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால்தான் உறைத்தது. செல்வம் அண்ணன் வெறும் வண்டியை எப்போது ஓட்டுகிறார்? நான் அவர் வண்டியை என் ரோட்டில் சோதித்திருக்கிறேன். அவர் ரோட்டில், அவர் சரக்கோடு சோதிக்கவே இல்லை. இக்கா இருபது வருஷமாக எல்லா வண்டியையும் காலியாகத்தான் ஓட்டிப் பார்க்கிறார். சோறு சுமக்கிற வண்டி, மீன் சுமக்கிற வண்டி, குடம் சுமக்கிற வண்டி எல்லாவற்றையும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நானும் அதையேதான் செய்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஹேண்டில்பாரில் பாட்டிலைக் கட்டி, நாற்பது குடத்தோடு செல்வம் அண்ணன் முன்னால், இக்காவின் ஸ்கூட்டரில் நான் பின்னால். தோப்பும்படி பாலத்துக்குப் போவதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. குடங்கள் இரண்டு பக்கமும் கை விரித்த மாதிரி நீண்டிருந்தன. காயல் காற்று அடிக்கும்போது பாய் கட்டிய வள்ளம் போல வண்டி சாய்ந்தது. குடத்துக்கு எடையே கிடையாது, அகலம்தான் பெட்ரோலைத் தின்கிறது! "காத்துண்ணே, காத்து!" என்று பின்னாலிருந்து கத்தினேன். அவர் டயரைக் குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பாலத்தின் நடுவில் பாட்டில் காலியாகி வண்டி நின்றது. மூன்று புள்ளி எட்டு கிலோமீட்டர். அவர் சொன்ன அதே முப்பத்தெட்டு.

பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் லாரி, எல்லாம் ஹாரன். தள்ளிக்கொண்டு பாலம் இறங்கி ஓரம் சேர்ந்தோம். மூச்சு வாங்க என் கண்டுபிடிப்பை விளக்கினேன். குடத்தை ஒன்றுக்குப் பின் ஒன்றாக, அவர் முதுகுக்குப் பின்னால் ஒடுக்கமாக அடுக்கினால் போதும், எடை அதேதான், காற்று மட்டும் குறையும். அவர் ஒரேயடியாக மறுத்தார். "அடுக்கி மறைச்சிட்டா குடம் விக்கிறவன்னு எவளுக்குத் தெரியும்?" நான் விடவில்லை. அவரும் விடவில்லை. அப்போது ஸ்கூட்டரில் போன ஒரு அம்மா பிரேக் போட்டு நின்று, எங்கள் சண்டையைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, நீலத்தில் ஒன்றும் சிவப்பில் ஒன்றும் எடுத்துக்கொண்டு போனார். செல்வம் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்: "இந்தா, அகலம் குடுத்த மைலேஜ்."

சனிக்கிழமை

அந்தச் சண்டையில் ஜெயித்தது அவர்தான். இது அடிக்கடி நடப்பதல்ல. ராத்திரி முழுக்க யோசித்துச் சனிக்கிழமை காலை ஒரு சமாதானத்தோடு போனேன். பெரிய ரோட்டில் யாரும் குடம் வாங்குவதில்லை, பாலத்தில் வாங்கிய அந்த அம்மா நீங்கலாக. அங்கே ஒடுக்கமாகப் போகட்டும். விற்கிற தெருமுனைக்கு வந்ததும் கயிறை அவிழ்த்து, எப்போதும்போல விரித்துக் கட்டட்டும். செல்வம் அண்ணன் மோவாயைச் சொறிந்தார். "கட்டி அவுக்க நேரமாவுமே." நான் சுருக்குப் போட்டுக் காட்டினேன், இழுத்தால் அவிழ்கிற மாதிரி. ஒருமுறை அவரே இழுத்துப் பார்த்தார். சரி என்றார்.

குடங்களை அவர் முதுகுக்குப் பின்னால் அடுக்கி, கயிறை இறுக்கும்போது இரும்புச் சட்டம் கையோடு ஆடியது. கீழே குனிந்தால் ஒரு போல்ட்டில் நட்டே இல்லை. புது நட்டு போட்டு முறுக்கினேன். பிறகு ஓட்டினோம். போக ஒரு பாட்டில், வர ஒரு பாட்டில், அதே பாலத்து ரோடு, அதே நாற்பது குடம். நாற்பத்தொன்பது! செல்வம் அண்ணன் என் போனை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டு, மேலே ஒரு தட்டு தட்டிக்கொண்டார். சைட் பேச்சு அதோடு முடிந்தது.

இக்கா மட்டும் நேரே வண்டியிடம் வந்து, கண்ணை மூடி, ஆக்சிலேட்டரைத் திருகினார். டக் டக் இல்லை. இன்னொரு தரம் திருகினார். இல்லவே இல்லை. அவர் அன்று கேட்டது பிஸ்டன் அல்ல, நட்டு கழன்ற சட்டம். நான் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தித் தடுத்தார். உள்ளே போய், நான் அளவு எழுதும் நோட்டை எடுத்து வந்து, "சரக்கோடு" என்று ஒரு புதுக் கட்டம் போட்டு என்னிடம் நீட்டினார். இனிமேல் எல்லா வண்டியும் அதன் சுமையோடுதான் சோதனைக்குப் போகும் என்று அர்த்தம். பிறகு செல்வம் அண்ணனிடம் சொன்னார்: "என் காதுக்கு ஒண்ணுமில்ல, சத்தம் இருந்துச்சுன்னு சொன்னேன், இருந்துச்சு."

ஒரு லிட்டர் பெட்ரோல் எவ்வளவு தூரம் போகும் என்று இப்போது என்னால் சொல்லிவிட முடியும். நான் சொன்னது எங்கள் ஒர்க்ஷாப்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்ச்சேர ஒரு வாரம் ஆகிறது, ஆனால் இக்காவும் பழைய வண்டிதானே, போகப்போகப் பிக்கப் ஆகிவிடும்.