சும்மா நிற்காத படகு

அந்த ஆற்றில் புகையம்மாவைத் தெரியாதவர்கள் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவளுடைய அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. அவள் வருடக்கணக்காக ஓட்டிய சரக்குப் படகு அப்படிக் கறுப்பாகப் புகை கக்கும். வளைவில் படகு தெரிவதற்கு முன்பே புகை தெரிந்துவிடும். கரையோரத் தெருவில் யாராவது ஒருத்தி "புகையம்மா வர்றா" என்று குரல் கொடுப்பாள். உடனே தெருவே ஓடிவந்து கொடியில் காயும் துணிகளை அள்ளிக்கொண்டு போகும். அந்தப் பெயர் தனக்குத்தான் என்று தெரிந்த அன்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சுக்கான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள் என்று அவள் கணவர் சொல்வார். அவள் அடியோடு மறுப்பாள்.

பழைய எஞ்சின் ஒருநாள் நடு ஆற்றில் உயிரை விட்டது. இன்னொரு டீசல் எஞ்சினைப் போடு என்று ஆற்றில் இருந்த அத்தனை பேரும் சொன்னார்கள். அத்தனை பேரும் ஒன்றைச் சொன்னால் புகையம்மாவுக்கு அதைச் செய்யப் பிடிக்காது. தவிர, அந்தத் துணிக்கொடிகள் அவள் மனதை விட்டுப் போகவில்லை. கடலில் சில கப்பல்களைத் திரவ இயற்கை எரிவாயுவில் ஓட்டுகிறார்களாம், கரிப்புகை இல்லையாம் என்று கேள்விப்பட்டாள். கடலில் ஓடுவது ஆற்றில் ஓடாதா என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

விஷயம் இதுதான். இயற்கை எரிவாயுவைக் கடுமையாகக் குளிர வைத்தால் தண்ணீர்போலத் திரவமாகிச் சுருங்கிவிடும். அதைப் பெரிய ஃபிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவருள்ள டேங்க்கில் அடைத்துப் படகின் பின்பக்கம் வைத்தார்கள். அங்கிருந்து அது வாயுவாகி எஞ்சினுக்குப் போகும். எஞ்சின் மின்சாரம் கொடுக்கும், மின்சாரம் மோட்டாரைச் சுழற்றும், படகு நகரும். இதை ஓட்டுவதற்குப் பயிற்சி பெற்ற மூன்று பேர் படகில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் புகையம்மா, எஞ்சின் பார்க்கும் அவள் கணவர், மகன் மூவரும் பயிற்சிப் பள்ளிக்குப் போனார்கள். ஐம்பதைத் தாண்டிய வயதில் அவள் முகக்கவசமும் முழங்கை வரைக்கும் கையுறையும் மாட்டிக்கொண்டு, பனி படிந்த குழாயைப் பூட்டிக் கழற்றிக் காட்டினாள். மகனைவிட அவளுக்கு மதிப்பெண் அதிகம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லச் சொல்லிக் கணவரைத் தூண்டிவிடுவதோடு சரி.

புது எஞ்சின் போட்ட படகு முதல்முறை அந்தத் தெருவைக் கடந்தபோது ஒருத்திகூடக் கொடியைப் பார்த்து ஓடவில்லை. வெள்ளைச் சட்டைகள் வெள்ளையாகவே ஆடின. ஒரே ஒரு குறை, யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு வந்திருக்கிறேன், பார்க்காமல் இருந்தால் எப்படி என்று புகையம்மா ஹாரனை அழுத்தோ அழுத்தென்று அழுத்தினாள். அப்போதுதான் ஜன்னல்கள் திறந்தன. அவள் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மற்ற படகுக்காரர்கள் மட்டும் பயந்தார்கள். துறையில் படகுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவதுதான் வழக்கம். ஒருவர் தளத்தில் கால் வைத்துத்தான் அடுத்தவர் கரை ஏறுவார். புகையம்மாவின் படகுக்குப் பக்கத்தில் மட்டும் யாரும் கயிறு வீசவில்லை. குண்டைக் கட்டிக்கொண்டு சுற்றுகிறாள் என்றார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி நடந்துகொண்டாள்.

அந்தப் பேச்சு கடைசியில் அவள் வீட்டுக்குள்ளேயே வந்தது. மகனுக்கு, துறைக்கு எதிரே இருந்த ஐஸ் தொழிற்சாலைக்காரரின் மகளைப் பேசி முடித்தார்கள். பெண் அப்பாவின் தொழிற்சாலையில் இயந்திரங்களைக் கவனிப்பவள். அவளுக்குப் படகில் வாழ ஆசை. மாப்பிள்ளைக்கு அவள் எங்கே இருந்தாலும் சரி. பெண்ணின் அப்பாதான் தொண்டையைச் செருமினார்.

"கல்யாணத்துக்கு எனக்கு முழு சம்மதம், சம்பந்தியம்மா. ஆனா படகுல குடித்தனம் வேண்டாம். அந்த டேங்க்குக்குப் பக்கத்துல என் பொண்ணு படுத்திருக்கான்னு நெனைச்சா எனக்குத் தூக்கம் வராது. நம்ம மாடியில ரெண்டு ரூம் சும்மா கெடக்கு. மாப்பிள்ளை என்கூட ஐஸ் கம்பெனியைப் பாத்துக்கட்டும்."

"கல்யாணம் வரைக்கும் டைம் குடுங்க சம்பந்தி," என்றாள் புகையம்மா. "படகை நல்லாப் பாருங்க. அப்பவும் மனசு ஒப்பலைன்னா நீங்க சொல்றபடியே ஆகட்டும்."

வாய் அப்படிச் சொன்னாலும் மனம் துடித்தது. மகன் கரை ஏறினால் மூன்றில் ஒருவர் குறைவார். அந்த இடத்துக்கு வேறு ஆளைத் தேடிப் பிடிக்கலாம். ஆனால் புகையம்மாவின் படகைப் புகையம்மாவின் மகனே நம்பவில்லை என்று ஆறு முழுக்கச் சிரிக்குமே, அதற்கு ஆள் பிடிக்க முடியுமா?

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மேல்பகுதியில் பெய்த மழையில் ஆறு பெருகியது. போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். எல்லாப் படகுகளும் துறையில் கட்டப்பட்டன. புகையம்மாவுக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். சம்பந்தி வீட்டு வாசலிலேயே படகு நிற்கும், தினம் பார்ப்பார், பழகிவிடுவார் என்று கணக்குப் போட்டாள். தொழிற்சாலையிலிருந்து ஒரு மின் இணைப்பை அவரே இழுத்துக் கொடுத்தார். அவள் படகின் எஞ்சினை அணைத்தாள். ஒரு சத்தம் இல்லை, ஒரு வாசம் இல்லை.

"பாத்தீங்களா சம்பந்தி? தொட்டில் கொழந்தை மாதிரி தூங்குது," என்று பெருமையாகக் காட்டினாள்.

அங்கேதான் அவள் சறுக்கினாள். கட்டிய படகின் எஞ்சினை அணைப்பது டீசல்காரர்களின் ரத்தத்தில் ஊறிய பழக்கம். இந்தப் படகுக்கு அந்தப் பழக்கம் ஆகாது. டேங்க்கின் சுவர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் வெளிச்சூடு துளித்துளியாக உள்ளே போகும். உள்ளே இருக்கும் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். ஓடுகிற படகில் அந்த ஆவியை எஞ்சின் எரித்துத் தீர்த்துவிடும். நிற்கிற படகில் அது சேர்ந்துகொண்டே போகும், அழுத்தம் ஏறும். இதெல்லாம் அவள் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய பாடம்.

"இங்க பாரு, டேங்க் பிரஷர் முள்ளு ஆறைத் தாண்டிருச்சு," என்று கணவர் ஒருநாள் சொன்னார்.

"கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு. முள்ளைப் பத்தி அப்புறம் பேசலாம்," என்று அவள் துணிக்கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல் அவர் மறுபடியும் வந்து நின்றார். அவள் கையைப் பிடித்து அழைத்துப் போய் அழுத்தமானியின் முன்னால் நிறுத்தினார். வழக்கமாக நாலில் நிற்கும் முள் எட்டரையில் நின்றது.

ஒன்பதைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு தானாகத் திறக்கும். டேங்க் வெடிக்காது, வெடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வால்வே இருக்கிறது. ஆனால் உயரமான குழாய் வழியே வாயு சீறிக்கொண்டு வெளியேறும். அபாயமணி அடிக்கும். துறையையே காலி செய்யச் சொல்வார்கள். நாளைக்குக் கல்யாணம்.

கணவர் எஞ்சினை உடனே கிளப்பினார். ஆனால் படகை நகர்த்த முடியாது. கட்டிய இடத்தில் நாலு விளக்கும் இரண்டு மின்விசிறியும் ஓடுவதற்கு எஞ்சின் சாப்பிடுவது பூனைச் சாப்பாடு. முள் அசையவில்லை. வாயுவை உறிஞ்சிக்கொண்டு போக லாரியை வரவழைக்கலாமென்றால் சாலையில் இடுப்பளவு தண்ணீர்.

"பெரிய சுமை ஏதாவது வேணும். கரண்ட்டை மளமளன்னு இழுக்கிற மாதிரி," என்றார் கணவர்.

இருவரும் ஒரே சமயத்தில் ஜன்னல் வழியே எதிர்ப்பக்கம் பார்த்தார்கள். கல்யாணத்துக்காக மூடியிருந்த ஐஸ் தொழிற்சாலை எதிரே நின்றது.

"அவர்கிட்டப் போயி எப்படிச் சொல்றது?" என்றாள் அவள். "மானம் போயிரும். பையனும் போயிருவான்."

"கல்யாண வெளிச்சத்துக்கும் பாட்டுக்கும் கரண்ட் தர்றோம், விருந்துக்கு ஐஸும் உங்க ஃபாக்டரியிலயே போட்டுத் தர்றோம்னு சும்மா சொல்லிப் பாக்கலாமே. காரணத்தை எதுக்குச் சொல்லணும்?"

அவளுக்கும் அந்த ஆசை வந்தது, வராமல் இல்லை. பரிசு கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கலாம். செருப்பைக்கூட மாட்டாமல் படகிலிருந்து இறங்கித் தெருவைக் கடந்தாள். நடந்த தூரம் முழுக்க அந்தப் பொய் நாக்கின் நுனியில் இருந்தது. சம்பந்தி வாசலில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"சம்பந்தி, டேங்க்குல அழுத்தம் ஏறிப்போச்சு. என் தப்புதான். அமைதியா இருக்குன்னு உங்களுக்குக் காட்டுறதுக்காக எஞ்சினை அணைச்சு வெச்சேன். அந்த வாயுவை எரிச்சுத் தீக்கணும். அதுக்கு உங்க ஃபாக்டரி ஓடணும். இத்தனை நாள் உங்க கரண்ட்ல நான் இருந்தேன். இப்ப என் கரண்ட்ல நீங்க ஓட்டுங்க."

அவர் நாற்காலி எண்ணுவதை விட்டுவிட்டார். "பிரஷர் எவ்வளவு?"

"எட்டரை. ஒன்பதுல வால்வு திறக்கும்."

"வெடிக்குமா?"

"வெடிக்காது. ஊரைக் கூட்டும்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். வாழ்நாள் முழுக்கக் குளிரோடும் அழுத்தத்தோடும் மல்லுக்கட்டிய மனிதர் அவர். குளிர்ந்தது சூடானால் என்ன செய்யும் என்று அவருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். கல்யாணப் பெண் அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பாதித் தலை வாரிய நிலையில் எழுந்து ஓடிவந்தாள்.

சரக்கு இறக்கும் இயந்திரத்துக்காகப் படகில் வைத்திருந்த தடித்த கேபிளை மாப்பிள்ளை இழுத்து வந்தான். தொழிற்சாலையில் மின்தடைக்கென்று ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அதன் இணைப்பில் கேபிளைப் பூட்டினார்கள். கல்யாணப் பெண் ஊர் மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சைப் படகின் பக்கம் திருப்பினாள். கம்ப்ரசர்கள் ஒவ்வொன்றாக உறுமின. படகில் எஞ்சின் குரலை இறக்கி, கனமாக இழுக்க ஆரம்பித்தது. புகையம்மா அழுத்தமானியின் முன்னால் கண்கொத்திப் பாம்பாக நின்றாள். முள் எட்டரையில் அடம்பிடித்தது. பிறகு ஒரு மயிரிழை இறங்கியது. பிறகு இன்னும் ஒரு மயிரிழை. "எறங்குது" என்று அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

அன்று மாலை ஐஸ் கட்டிகள் தெருவில் அடுக்க இடமில்லாமல் குவிந்தன. துறையில் நின்ற படகுக்காரர்கள் எல்லாரும் வாளியோடு வந்தார்கள். எங்கிருந்து கரண்ட் என்று கேட்டவர்களுக்குச் சம்பந்தியே கேபிளைக் கையால் காட்டினார். கேபிள் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தவர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். ஒரு தாடிக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது படகைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் கல்யாணம் நடந்தது. விருந்துக்கு வந்த அத்தனை பேருக்கும் ஐஸ் மிதக்கும் தண்ணீர் கிடைத்தது. எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது, சம்பந்தி மகளுடைய இரும்புப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். மாடிப்படி பக்கம் போகவில்லை. நேராகத் தெருவைக் கடந்து, படகுக்குப் போட்டிருந்த பலகையில் ஏறினார். புகையம்மா ஓடிப்போய் ஒரு கை பிடித்தாள்.

"பயம் போயிருச்சா சம்பந்தி?"

"பயம் அப்படியேதான் இருக்கு." பெட்டியைத் தளத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். "ஆனா நீங்க நேத்து எங்கிட்ட மறைச்சிருக்கலாம். மறைக்கலை. தப்பை வாசல்ல வந்து சொல்ற வீட்டுக்குப் பொண்ணை அனுப்பலாம்."

மருமகள் பலகையில் ஏறி வந்தாள். பெட்டியைத் திறக்கவில்லை, உட்காரவும் இல்லை. நேராகச் சுக்கான் அறைக்குள் போய் அழுத்தமானியின் முன்னால் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அஞ்சுக்குக் கீழ வந்துருச்சு, அத்தை. நாளைக்குக் காலையில கம்ப்ரசரை நிறுத்தலாம். அடுத்த பயிற்சி வகுப்பு எப்போ? என்னையும் சேத்துவிடுங்க. நாலு பேரா இருந்தா நல்லதுதானே."

புகையம்மா சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. கதவை அவள் சாத்திக்கொள்ளவில்லை. கணவர் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதையும் நாளைக்கு இல்லைன்னு சொல்லுவியே."

"சொல்ல மாட்டேன்," என்றாள் அவள். "துறை முழுக்கப் போய்ச் சொல்லுங்க."