சிவகொழுந்தின் வெள்ளிக்கிழமைப் பிரமுகர்

கேள்வி கேட்பதற்கு முன்னால் சிவகொழுந்து எதிரில் இருப்பவரின் செருப்பைப் பார்ப்பார். பிறகு கைகளை. முகத்துக்கு வந்து சேரப் பத்து நிமிடமாவது ஆகும். அதற்குள் பேட்டி கொடுக்க வந்த பிரமுகர் பொறுமை இழந்து கைபேசியை எடுத்துவிட்டால் சிவகொழுந்துக்கு உள்ளூர சந்தோஷம். "இப்பதான் ஆள் தன்ர பாட்டில இருக்கிறார்" என்று பக்கத்தில் இருக்கும் ஜெயசீலனின் காதில் சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறந்து நீலப் பேனாவை எடுப்பார்.

துபாயில் அல் குசைஸ் பகுதியில், ஒரு டயர்க் கடையின் மாடியிலிருந்து வருகிறது ‘கரைக்காற்று’ வாரப் பத்திரிகை. பதினாறு பக்கம். அதன் ஏழாம் பக்கத்தில் ‘முகமும் பேச்சும்’ என்ற தலைப்பில் வாரம் ஒரு பிரமுகரைக் கோட்டோவியமாக வரைந்து, கூடவே முப்பது வரி எழுதுவது சிவகொழுந்தின் வேலை. ஜெயசீலன் அங்கே அச்சுக்குப் பக்கம் கட்டுபவர். நாசரேத்துக்காரர், நாற்பத்திரண்டு வயது. சிவகொழுந்துக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதால் பேட்டி நாட்களில் ஓட்டுநரும் அவர்தான். ஆறு வருடமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தும், இந்த அம்மாள் எப்படி இதைச் செய்கிறார் என்பது அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சிவகொழுந்துக்கு ஐம்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் சேர்ந்தபோது சமையல் குறிப்புப் பக்கத்தைத்தான் கொடுத்தார்களாம். பெரிய மனிதர்களைப் பார்க்கப் பெண்பிள்ளையை அனுப்புவதில்லை என்று ஆசிரியர் சொல்லிவிட, கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று மேடையில் இருப்பவர்களை வரைந்து கொண்டுபோய் அவர் மேசையில் வைத்திருக்கிறார். நான்காவது மாதம் சமையல் குறிப்பு வேறு ஆளுக்குப் போனது. துபாய் வந்த பிறகு பகலில் தேராவில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டச்சு. வீணாய்ப்போன சரக்குச் சீட்டுகளின் பின்பக்கம்தான் அவர் வரைதாள். பால் விடாத தேநீரை, உள்ளங்கையில் சர்க்கரையை வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார். ஒலிப்பதிவுக் கருவி வைத்துக்கொள்வதில்லை. அது ஆள் சொன்னதை மட்டும் பிடிக்கும் என்பார்.

அவர் எழுத்தில் புகழ்ச்சியும் இருக்காது, குத்தலும் இருக்காது. ஒரு பாடகியைப் பற்றி, "மேடை ஏறும்முன் மூன்று தடவை கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கட்டினார். மூன்று தடவையும் நேரம் பார்க்கவில்லை" என்று எழுதினார். இருபது மாடி கட்டிய ஒருவரைப் பற்றி, "லிஃப்டில் தனியாக ஏறியபோது எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேடினார். எப்போதும் வேறொருவர் அழுத்துவார்" என்று எழுதினார். அவர் அதைப் படித்து மகிழ்ந்து, சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவைத்தார்.

"நான் கண்டதைத்தான் எழுதுவன் தம்பி. மிச்சத்தை வாசிக்கிற ஆக்கள் பார்த்துக்கொள்ளுவினம்."

2006 மார்ச்சில் ஒரு நாள் நளினி என்ற செவிலியர் பத்திரிகைக்குத் தொலைபேசியில் பேசினார். ஓர் அரசு மருத்துவமனையில் வேலை. வாரம் தவறாமல் ஏழாம் பக்கம் படிப்பவர். அவர் வார்டில் ஒரு மனிதர் மூன்று மாதமாகக் கிடக்கிறார். சாலையோரம் தலையில் அடிபட்டுக் கிடந்தவரை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். சட்டைப்பையில் அட்டையும் இல்லை, தாளும் இல்லை. காயம் ஆறிவிட்டது, பேச்சு வரவில்லை. பேர் தெரியாமல் எந்தத் தூதரகமும் பயணத்தாள் எழுத முடியாது. அடுத்த மாதம் அவரை நாதியற்றவர்களுக்கான விடுதிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போனால் அப்புறம் தேடுவார் இல்லை. முதல் நாள் எடுத்த படத்தில் முகம் முழுக்க வீக்கமும் கட்டும்தான். அதைப் பார்த்து யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வார்டுக்குள் இப்போது படமெடுக்க அனுமதி இல்லை.

தமிழர் என்று எப்படித் தெரியும் என்று சிவகொழுந்து கேட்டார். போர்வை மாற்றும்போது தன்னை அறியாமல் "கொஞ்சம் திரும்புங்க" என்று சொன்னதாகவும், அவர் திரும்பிப் படுத்ததாகவும் நளினி சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஜெயசீலன் காரை எடுத்தார். கட்டிலில் இருந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மழித்த தலையில் புதுமுடி அரும்பியிருந்தது. மீசை இல்லை. சிவகொழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பேனாவைத் தொடவே இல்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே. காரில் திரும்பும்போது ஜெயசீலன் மெல்லக் கேட்டார், வரையவில்லையா என்று.

"ஆள் இன்னும் வரேல்ல" என்றார் சிவகொழுந்து.

மூன்றாவது வெள்ளி, அவர் நளினியிடம் மெல்லிய காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்றும், காயக்கட்டுத் துணியிலிருந்து உருவிய நூலும் கேட்டார். காகிதத்தைச் சிறுசிறு துண்டாகக் கிழித்தார். ஒவ்வொன்றின் அடியையும் முறுக்கி, நுனியை மொட்டு மாதிரி குவித்தார். முப்பது நாற்பது சேர்ந்ததும் அவற்றைக் கட்டிலின் மேல் கொட்டி, நூலைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். ஜெயசீலனுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த மூன்று வாரமும் அவர் கண்ணில் பட்டதெல்லாம், நோயாளி போர்வையின் விளிம்பை ஓயாமல் நோண்டி நோண்டி இழுத்துக்கொண்டே இருந்ததுதான்.

 அந்த மனிதர் நூலை எடுத்தார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்து இடது கையில் வைத்து, நூலைச் சுழற்றி ஒரு இழுப்பு. அடுத்த நான்கு. ஒரு இழுப்பு. கண் எங்கோ ஜன்னலைப் பார்த்தது. கைகள் தம் போக்கில் ஓடின. மூன்று மாதமாகத் தண்ணீர்க் குவளையைக்கூடச் சரியாகப் பிடிக்காத கைகள் அவை. முழம் ஒன்று வளர்ந்து போர்வையில் விழுந்தபோது நளினி வாயைப் பொத்திக்கொண்டார்.  ஜெயசீலன் திரும்பிப் பார்த்தபோது சிவகொழுந்தின் பேனா சரக்குச் சீட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

கீழே வந்ததும் ஜெயசீலனால் தாங்க முடியவில்லை. "யக்கா, எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"கேள்வி கேக்கிறதுதானே என்ர வேலை. வாயால பதில் சொல்ல ஏலாத மனுசரிட்ட வாயால கேட்டு என்ன பிரயோசனம்?"

அந்த வார ஏழாம் பக்கம் ஒரு பல்பொருள் அங்காடி முதலாளிக்கு என்று முடிவாகியிருந்தது. அவர் புதுக் கோட்டு தைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆசிரியர் அகமது கபீர் கீழக்கரைக்காரர். நல்ல மனிதர், ஆனால் பத்திரிகை ஓடவேண்டும் என்ற கவலை அவருக்கு உண்டு. சிவகொழுந்து நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தார்.

"பேரே இல்லையே. இவரு பிரமுகராக்கா?"

"இந்தக் கிழமை எனக்கு இவர்தான். இவரைப் போடாட்டில் ஏழாம் பக்கத்துக்கு வேற ஆளைப் பாருங்கோ."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆறு வருடத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. கபீர் மறுபடி தாளைப் பார்த்தார். முகம் மேல் மூலையில் சின்னதாக இருந்தது. தாளின் பெரும்பகுதியை இரண்டு கைகள் அடைத்திருந்தன. விரல்களுக்கிடையே ஒரு நூல். அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அங்காடி முதலாளிக்குத் தாமே பேசி, அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் அச்சான வரிகளில் சில: "பெயர் தெரியாது. உணவுத் தட்டு வந்தால் பக்கத்துக் கட்டிலுக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே கை வைக்கிறார். யாராவது கடந்து போனால் கால்களை மடக்கி வழிவிடுகிறார். பூக் கட்டுகிறார். வலது ஆள்காட்டி விரல் மடங்குவதில்லை. சுண்டுவிரலைக் கொக்கியாக்கி அதில் நூலை மாட்டி இழுக்கிறார். கட்டிய சரத்தைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளவில்லை. எதிரில் இருந்தவரிடம் நீட்டினார்."

ஜெயசீலன் இதைப் பக்கத்தில் ஏற்றும்போது மூன்று தடவை படித்தார். மூன்று வெள்ளிக்கிழமையும் அதே அறையில், அதே கட்டிலருகில் நானும்தானே இருந்தேன் என்று நினைத்தார். தட்டை அவர் பார்க்கவில்லை. கால் மடங்கியதையும் பார்க்கவில்லை.

தொலைபேசி அழைப்புகள் வந்தன. காணாமல்போன தம்பி, மாமா, அறைத்தோழர் என்று பதினோரு பேர் கேட்டார்கள். எதுவும் பொருந்தவில்லை. வயது சரியாக வந்தால் உயரம் தவறியது. சிவகொழுந்து ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்து நேராக அல் குசைஸ் வந்து, ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பினார். விடுதிக்கு மாற்ற நான்கு நாளே இருந்தது.

ஒன்பதாவது நாள் கத்தாரிலிருந்து ஒருவர் பேசினார். பெயர் ஐயப்பன், ராஸ் லஃபான் எரிவாயு நகரில் குழாய் பற்றவைக்கும் வேலை. பக்கத்து ஊர் மளிகைக் கடையில் ‘கரைக்காற்று’ கிடந்ததாம். ஜெயசீலன்தான் எடுத்தார். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, தன் அண்ணனுக்கு அடர்ந்த மீசை உண்டு, இவ்வளவு மெலிந்தவனும் இல்லை என்று அந்தக் குரல் தயங்கியது. பிறகு சொன்னது:

"எங்க நிலக்கோட்டப் பக்கம் எல்லாரும் ஆள்காட்டி வெரல்லதாங்க நூல் சுத்துவாங்க. அவனுக்குச் சின்ன வயசுல அந்த வெரலு கதவுல நசுங்கிப்போச்சு. சுண்டுவெரல்ல மாட்டி இழுப்பான். எங்க ஊருலயே அவன் ஒருத்தந்தாங்க அப்படிக் கட்டுவான்."

பெயரைக் கேட்டார் ஜெயசீலன். சோலைமுத்து என்றது குரல். கட்டட வேலைக்கு வந்தவர், கம்பெனியை விட்டு வெளியேறியபின் ஐந்து மாதமாகத் தகவல் இல்லை. வீட்டில் அவர் மனைவி சாமி அறையில் படத்தை வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருக்கிறார்.

ஜெயசீலன் சிவகொழுந்தின் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார். அந்தப் பக்கம் தட்டச்சு ஓசை நின்றது. "சோலைமுத்து" என்று சிவகொழுந்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். உடனே நளினிக்குச் சொல்லுங்கோ, விடுதிக்கு அனுப்பவேண்டாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கோ என்றார். தட்டச்சு மறுபடி தொடங்கியது.

பன்னிரண்டு நாள் கழித்து ஐயப்பன் விடுப்பும் விசாவும் வாங்கி, அண்ணனின் குடும்ப அட்டை நகலோடு வந்து இறங்கினார். விமான நிலையத்திலேயே சிவகொழுந்தின் காலைத் தொடக் குனிந்தார். அவர் இரண்டடி பின்வாங்கி, "ஆள் அங்க காத்துக்கொண்டிருக்கிறார். வாங்கோ" என்று காரை நோக்கி நடந்தார்.

வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் ஐயப்பனை உட்கார வைத்தார். ஐயப்பன் அண்ணனின் முகத்தையே பார்த்தார்.  கடைசியில், "முத்தண்ணே" என்றார், ரொம்பச் சின்னக் குரலில்.

கட்டிலில் இருந்தவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. நான்கு மாதம் எந்தச் சத்தமும் வராத தொண்டையிலிருந்து "ஐ..." என்று ஓர் ஓசை வந்தது, திரும்பவும் வந்தது. ஐயப்பன் அண்ணனின் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கதறினார். நளினியும் அழுதார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பாகிஸ்தான்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

இதை எழுதினால் ஏழாம் பக்கம் போதாது என்று ஜெயசீலனுக்குத் தோன்றியது. பேனா வேண்டுமா என்று கேட்கத் திரும்பினார். சிவகொழுந்து கட்டிலோரத் திரைக்கு வெளியே போயிருந்தார். மூடிய கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடி, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெற்றுச் சுவரைப் பார்த்து நின்றார்.