வாசலில் நின்ற டாக்சி

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. சென்னை விமான நிலையத்தில் நான், அப்பா, அம்மா மூன்று பேரும் இருந்தோம். அண்ணன் இல்லை. அவன் கொல்கத்தாவில் ஓர் ஆஸ்பத்திரியில் தலையில் கட்டோடு கிடந்தான். அங்கே தோல் பதனிடும் ஒரு ஷெட்டில் அவனுக்கு சூப்பர்வைசர் வேலை. முந்தின நாள் படியில் வழுக்கி விழுந்திருந்தான்.

அன்று காலை ஒன்பது மணிக்கு அவனுடைய கூட்டாளி போன் செய்தார். "அம்மா எங்க, அம்மா எங்கன்னே கேக்கறான். டாக்டர் ஒண்ணும் நல்லா சொல்லல. சீக்கிரம் கூட்டினு வா தம்பி."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படிக்க வைத்தவன் அண்ணன். விமானச் சத்தம் கேட்டாலே ஓடி வந்து அண்ணாந்து பார்த்த எங்கள் ராணிப்பேட்டைத் தெருவில் இப்போது நாலைந்து பேர் சாதாரணமாகப் பறக்கிறார்கள். அவன் மட்டும் ரயிலிலேயே வந்து, மிச்சம் பிடித்ததை என் ஃபீஸுக்குக் கொடுப்பான்.

போனிலேயே மூன்று டிக்கெட் போட்டேன். மாலை மூன்று நாற்பதுக்கு விமானம்.

டாக்சி வந்தபோது மணி பத்து முப்பத்தைந்து. அம்மா வாசல்படி இறங்கவில்லை. "ராகு காலம் பொறந்துடுச்சு. புள்ள உசுருக்காகப் போறோம். பன்னண்டு ஆவட்டும்."

டிரைவர் பாய் என்னைப் பார்த்தார். "டைம் கம்மி தம்பி. வழியில மாட்டிக்கினா பேஜாரு. நீயாச்சும் சொல்லு."

நான் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள் என்று டிக்கெட்டிலேயே போட்டிருந்தது. படித்தும் இருந்தேன். ஆனால் வற்புறுத்திக் கிளப்பி, அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி என் மேல் விழுமே என்று பயம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு ஐம்பது. கவுன்ட்டர் மூடியாகிவிட்டது.

அப்பாவால் நம்ப முடியவில்லை. கவுன்ட்டர் பெண்ணிடம் கெஞ்சினார். "வண்டி இன்னும் கெளம்பலியேம்மா? எங்க ஊர் பஸ்ல ஆள் வர்றாங்கன்னு சொன்னா நிறுத்தி வெப்பாங்க. டிரைவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லும்மா."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. தன் தண்ணீர் பாட்டிலை அம்மாவிடம் நீட்டினார். "சாரிங்கய்யா" என்றார்.

அடுத்த விமானம் இரவு ஒன்பதரைக்குத்தான். அதற்கும் டிக்கெட் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். எட்டு மணிக்கு போன் வந்தது. "வர வேணாம் தம்பி. நாங்களே அனுப்பி வெக்கிறோம்."

முதல் விமானத்தில் போயிருந்தால் ஏழு மணிக்கே அவன் பக்கத்தில் நின்றிருப்போம்.

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாள். "முன்னாடியே மூடிடுவாங்கன்னு உனக்குத் தெரியுமாடா?"

"தெரியாதும்மா" என்றேன்.

மூன்றாம் நாள் சரக்குப் பகுதியில் பெட்டியை வாங்கிக்கொண்டோம். எங்கள் வீட்டில் இதுவரை விமானம் ஏறியவன் அவன் ஒருவன்தான்.

வருகிறவர்களிடமெல்லாம், "என்னாலதான் எம்புள்ள மொகத்தப் பாக்க முடியாம போச்சு" என்கிறாள் அம்மா. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் இதை எழுத முடிகிறது. எவ்வளவு செலவாச்சு என்று யாராவது கேட்டால் மட்டும் எனக்கு உடனே பேச்சு வருகிறது: இரண்டு தடவை போட்ட டிக்கெட், எடை போட்டு அனுப்பிய பெட்டி, எல்லாம் சேர்த்து எழுபத்து நாலாயிரம் ரூபாய்.