காற்று பிரிந்த செய்தி

அறுவை முடிந்து வருகிறவர்களைத் தன் மேசையை ஒட்டிய நான்கு கட்டில்களில்தான் ஞானபாய் படுக்க வைப்பாள். மிஷன் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு விதி இருந்ததில்லை. 1949இல் தலைமை நர்சாக வந்ததும் அவளாகவே போட்டுக்கொண்டது. அரை மணிக்கொரு தரம் நாடி பிடிப்பாள், வயிற்றை அமுக்கிப் பார்ப்பாள், கட்டுத் துணியில் ரத்தம் கசிகிறதா என்று குனிவாள். அவள் வந்த பிறகு வார்டிலிருந்து நடந்து வீட்டுக்குப் போகிறவர்கள் கூடினார்கள் என்று டாக்டரே ஒப்புக்கொண்டார்.

வயிற்றைத் திறந்தவர்களிடம் அவளுக்கு ஒரே கேள்வி: “காத்து பிரிஞ்சுதா?” பிரிந்தால் குடல் வேலை செய்கிறது, கஞ்சி உண்டு. அதுவரை உதட்டை நனைக்க மட்டும் தண்ணீர். இதை வார்டே கேட்கும்படி கேட்பாள். வெட்கம் அவளுக்கும் கிடையாது, அடுத்தவருக்கு இருக்குமே என்ற நினைப்பும் கிடையாது.

வடசேரிச் சந்தை வாழைக்காய் வியாபாரி பொன்னுலிங்கம் குடல் முறுக்குக்காக அறுவை செய்துகொண்டு, மூன்று நாளும் அந்தக் கேள்விக்கு இல்லை என்றே தலையாட்டினார். மனைவிக்கு நிறைமாதம். துணைக்கு வந்தது மாமியார் சொர்ணம்மாள். மருமகன் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. எனவே அவள் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் காலையிலும் தலை அப்படியே ஆடியது. இனியும் காத்திருக்க முடியாது, மறுபடி திறந்து பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். ஞானபாய் மீண்டும் நாடி பிடித்தாள், வயிற்றை அமுக்கினாள். நாடி சீராக இருக்கிறது, வயிறும் மெத்தென்று இருக்கிறது. இன்னொரு வெட்டை இந்த உடம்பு தாங்குமா? ஆனால் பிரியவில்லை என்று அந்த ஆளே சொல்கிறாரே.

ஸ்ட்ரெச்சர் வந்து நின்றதும் பொன்னுலிங்கம் வெளிறிப்போனார். சுவர்ப் பக்கமிருந்து மாமியார்தான் பேசினாள்.

“சிஸ்டர், என் முன்னால அவிய சொல்ல மாட்டாவ. நேத்து மத்தியானமே பிரிஞ்சாச்சு. ரெண்டு தரம். நான் கேக்காத்த மாதிரி இருந்துட்டேன்.”

வார்டே சிரித்தது. வந்த ஸ்ட்ரெச்சர் வெறுமனே திரும்பியது. ஞானபாய் இருவரையும் ஒரு பாட்டம் ஏசிவிட்டு, டாக்டரிடம் ஓடிச் சொல்லி, கஞ்சியோடு வந்தாள். முதல் கரண்டியைப் பொன்னுலிங்கம் கையால் தடுத்தார்.

“மாமிக்கு முதல்ல குடுங்கம்மா. நான் படுத்ததுலேருந்து அவியளும் ஒரு பருக்கை திங்கேல.”

ஞானபாய் அப்போதுதான் அந்த அம்மாளின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. போய் இன்னொரு கிண்ணம் எடுத்துவந்தாள்.